சுவருக்குள் ஒரு வயர் – 14: அணையக்கூடாத பல்ப்

போன கிழமை றஜிதாவை எந்த இடத்தில் விட்டோம்? கணவனின் அண்ணன் கிறிஸ்தோபர் வீட்டுக் கேற்றுக்கு வெளியே, ஒரு கையில் சுவரில் கோடு கீறுகிற சோக்குப் பெட்டியும் மறு கையில் பையுமாக விட்டோம். மூன்று வருடமாக அவள் மிதிக்காத வாசல் அது. அடுத்த வேலை அந்த வீட்டில்தான் என்று கொந்தராத்துக்காரர் றிஸ்வி நானா சொன்னபோது, ஏலாது என்ற ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். அவளோ, "சரி நானா, வாறன்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டு நிலாவெளி வாசகி ஒருவர் கோபமாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா. இன்றைக்கு உங்களுக்குப் பதில் கிடைக்கும்.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. றஜிதாவின் கணவன் ஜெயந்தன் திருகோணமலையில் பெயரெடுத்த வயரிங் பாஸ். மூன்று வருடத்துக்கு முன், ஓகஸ்ட் மாதத்துப் பகல் ஒன்றில், இதே வீட்டு ஹோலில் சுவரைக் கொத்தும்போது கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அடக்கத்தன்று கோயில் வாசலில் நின்று கிறிஸ்தோபர் அழுதுகொண்டே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ட தம்பி மெயினை நிப்பாட்ட மறந்துபோனான்."

அந்த ஒரு வரி துறைமுகத்து ஒழுங்கையெல்லாம் சுற்றி வந்தது. இருபது வருடம் ஊரார் வீட்டு வயரை ஒழுங்காக்கினவன், மெயினை நிப்பாட்டக்கூடத் தெரியாமல் செத்தவன் ஆனான். குடிவெறியில் நின்றிருப்பான் என்றும் கதை கட்டினார்கள். பிளேன்ரீயைத் தவிர வேறொன்றும் தொடாத மனிதனை.

றஜிதா அந்தக் கதையை ஒருநாளும் விழுங்கவில்லை. அன்று அவனுக்குப் பக்கத்தில் சுத்தியலும் உளியும் கிடந்தன. அவனுடைய ட்ரில் மெஷின் பெட்டி திறக்காமலே இருந்தது. அது கரண்டில் ஓடுகிற மெஷின். மெயின் போட்டிருந்தால் எந்த மடையன் ட்ரில்லை விட்டுவிட்டு உளியை எடுப்பான்? மெயினை நிப்பாட்டினவன்தான் உளி எடுப்பான். ஆனால் விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது மெயின் சுவிச் மேலே தூக்கி நின்றது. யாரோ ஒருவருடைய கை அதைத் தூக்கிவிட்டிருக்கிறது. அந்தக் கையைக் கண்டுபிடித்து முறித்துப்போட வேண்டும். மூன்று வருடமாக அவள் படுக்கப்போகும்போது சொன்ன செபம் அதுதான்.

நிலாவெளி அம்மா, அவள் ஏன் போனாள் என்று இப்போது விளங்குகிறதா?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கேற்றடியில், ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு, வெற்றுச் சீமெந்துப் பையைச் சப்பிக்கொண்டு நின்றன. மேசன் இன்பாஸ் அவற்றைத் துரத்திவிட்டு மணல் சலிக்கத் தொடங்கினான். றிஸ்வி நானா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஆளில்லாத வீடெண்டா மீற்றரையே கழட்டி வச்சுட்டு உடைக்கலாம் தங்கச்சி. இது ஒரு பக்கம் சோறு வேகுது, மறுபக்கம் சுவர் விழுது. இந்தக் கரைச்சலுக்கு நான் தோப்பூருக்குப் போய் வயல் பார்த்திருக்கலாம்."

கிறிஸ்தோபர் வீட்டின் முன்பாதியைச் சுற்றுலாக்காரருக்கு அறைகளாக்குகிறார். பின்பாதியில் அவரும் மனைவி றோஸும் வழமைபோலச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். இப்படி ஆட்கள் குடியிருக்கிற வீட்டுக்கு றஜிதாதான் முதலில் உள்ளே போவாள். கணவன் செத்த பிறகு அவள் கற்றுக்கொண்ட வேலை அது. மெயினை நிப்பாட்டி, அதில் பூட்டுப் போட்டு, சின்ன மெஷின் ஒன்றைச் சுவர் சுவராக இழுப்பாள். சாந்துக்குள் கரண்ட் ஓடினால் அது கீச்சிட்டுச் சிவப்பு வெளிச்சம் காட்டும், கரண்ட் இல்லாத வயரோ குழாயோ கிடந்தால் சத்தமில்லாமல் மஞ்சள் காட்டும். இன்பாஸ் அதற்குக் கீச்சான் என்று பெயர் வைத்திருந்தான். வயர் போகிற இடத்தில் சிவப்புச் சோக்கு, தண்ணீர்க் குழாய்க்கு நீலம். கோடு இருக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் மேசன் உளி வைக்கலாம். கோடு இல்லாத இடம் சுத்தம். றஜிதாவின் கோட்டை நம்பி மூன்று வருடமாக எத்தனையோ பேர் சுவர் கொத்தியிருக்கிறார்கள், ஒருவனுக்கும் ஒரு சின்னக் கரண்ட் அடிகூட விழுந்ததில்லை.

கதவைத் திறந்த றோஸுக்கு அவளைக் கண்டதும் கண் கலங்கியது.

"றஜிதா... நீயோ வந்தனி? உள்ள வா பிள்ளை. இந்த வீட்டுப் பக்கம் இனி வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

"வேலைக்கு வந்தனான் அக்கா" என்றாள் றஜிதா. 

உள்ளே கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்தோபர் எழும்பவில்லை. முன்பைவிட உடம்பு வைத்திருந்தது, தலை நரைத்திருந்தது. கண் மட்டும் அப்படியே. ஆளைப் பார்க்காமல் ஆளுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிற கண்.

"நீரோ கோடு கீற வந்தனீர்? நல்லது. எங்கட ஆள் எண்டா எனக்கும் நிம்மதி" என்றார். பிறகு றிஸ்வி நானாவைப் பார்த்துத் திரும்பினார். "ஆனா நான் முதலே சொன்னனான், ஹோலில இந்தச் சுவரில ஒருத்தரும் கை வைக்கப்படாது. ஏசிக் குழாயை விறாந்தையால சுத்திக் கொண்டுபோங்கோ."

"ஐயா, அப்பிடிச் சுத்தினா ஏசி ஒழுங்கா வேலை செய்யாது. இந்தச் சுவரில ஒரு ஓட்டை போட்டா நேரே பின்பக்கம்" என்றார் றிஸ்வி நானா.

"ஏலாது எண்டா ஏலாது. அது படம் இருக்கிற சுவர்."

சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் தொங்கியது. அதற்குக் கீழே, சின்ன மரத்தட்டில், விரல் பருமன் சிவப்பு பல்ப் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கரையில் கத்தோலிக்க வீடுகளில் அப்படி ஒன்று இல்லாவிட்டால்தான் அதிசயம். அதனால் றஜிதா அதை இரண்டாம் தரம் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், சாந்து பூசி மறைத்த ஒரு திட்டைத்தான் பார்த்தாள். அவளுடைய மனிதன் கடைசியாகத் தொட்ட இடம் அது.

அந்த இடத்தில் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, கிறிஸ்தோபர் பேப்பரை மடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்தச் சந்தோசத்தை அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. நேரே மெயின் பெட்டிக்குப் போனாள்.

"அக்கா, குளிர்பெட்டியைக் கொஞ்சம் திறக்காமல் இருங்கோ. மெயினை நிப்பாட்டுறன்."

சுவிச் கீழே விழுந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. குளிர்பெட்டியின் முனகல் நின்றது. பூட்டைப் போட்டுத் திறப்பைக் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். இனி அவள் நினைத்தால்தான் இந்த வீட்டுக்குக் கரண்ட்.

முன்னறை இரண்டும் முடிந்தன. குளியலறைச் சுவரில் நீலக்கோடு நாலு. குசினியில் றோஸ் அடுப்பை அணைக்காமலே நகர்ந்து இடம்விட்டாள். எல்லாம் முடிந்து ஹோலுக்கு வந்தபோது கிறிஸ்தோபர் இல்லை, சந்தைப்பக்கம் போய்விட்டார்.

கை வைக்கக்கூடாது என்றுதான் சொன்னார். கீச்சானை வைக்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

திட்டுக்கு மேலே வைத்தாள். கீச் என்றது. சிவப்பு.

றஜிதா மெஷினைத் தட்டிப் பார்த்தாள். மெயின் பூட்டிக் கிடக்கிற வீட்டில் சிவப்புக் காட்ட ஏலாது. பற்றரி இறங்கியிருக்கும் என்று நினைத்து, முன்னறைக்குப் போய்ச் செத்த வயரில் வைத்துப் பார்த்தாள். கீச்சான் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து திட்டில் வைத்தாள். திரும்பவும் சிவப்பு. கொஞ்சம் மேலே, இன்னும் மேலே என்று கோடு பிடித்துக்கொண்டே போனாள். அது படத்தடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது.

தலையை நிமிர்த்தினாள். பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. மின்விசிறி நிற்கிறது, குளிர்பெட்டி நிற்கிறது. இது மட்டும் எரிகிறது. 

"அக்கா" என்று கூப்பிட்டாள்.  "மெயின் நிப்பாட்டியும் இது எப்பிடி எரியுது?"

றோஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் ஒரு ஒளிவுமறைவும் இல்லை. பெருமைகூட இருந்தது.

"அது அணையாது பிள்ளை. என்ட மகள் டிலக்ஷி டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாளே, அப்ப நேர்ந்தனான். பிள்ளை உயிரோட வீடு வந்தா ஆண்டவருக்கு முன்னால வெளிச்சம் ஒருநாளும் அணையாது எண்டு. ஊருக்கே கரண்ட் போனா அது ஆண்டவர்ட விருப்பம். ஆனா நாங்கள் கையால அணைக்கப்படாது. மெயினை நிப்பாட்டேக்க இது அணைஞ்சு போகுது எண்டு நான் அழுதன். அதுக்குத்தான் அவர் பின்கடை மீற்றரில இருந்து தனியா ஒரு வயர் இழுத்துத் தந்தவர்."

"ஆர், கிறிஸ்தோபர் அத்தானோ? தானே இழுத்தவரோ?"

"ஓம், ஒரு பின்னேரத்தில செய்துபோட்டார். ஜெயந்தனைக் கூப்பிடச் சொன்னனான். அவன் வந்தா ஏசுவான், பைப் போடு, அது போடு எண்டுவான் எண்டு சொல்லிப்போட்டார்."

"எப்ப அக்கா?"

"டிலக்ஷி வீட்ட வந்த கிழமை. ஏப்ரல்."

ஏப்ரல். அவன் செத்தது அதே வருடம் ஓகஸ்ட்.

"அண்டைக்கும்... அவர் சுவர் கொத்தின அண்டைக்கும் இந்த பல்ப் எரிஞ்சதோ?"

றோஸ் யோசித்தாள். "இல்லை. தூசி பறக்கும் எண்டு படத்தையும் பல்பையும் நான்தான் கழட்டி அறைக்குள்ள கொண்டுபோனனான். அங்க எண்ணெய் விளக்குக் கொளுத்தி வச்சன், நேர்ச்சை முறியக்கூடாதெண்டு. ஏன் கேக்கிறாய்?"

ஏன் கேட்கிறாள் என்று றோஸுக்கு விளங்கவில்லை. அந்த மனுஷிக்கு உண்மையாகவே தெரியாது. பல்ப் இருந்திருந்தால் ஜெயந்தன் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பான். பல்ப் இல்லை, படம் இல்லை. மெயினை நிப்பாட்டி, டெஸ்டரால் பிளக்கையெல்லாம் குத்திப் பார்த்து, செத்த சுவர் என்று நம்பித்தான் உளியை வைத்திருக்கிறான். அந்தச் சுவர் சாகவில்லை என்று விளங்கக்கூடிய ஒரே மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல், பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்திருக்கிறார்.

றஜிதா பின்கடைக்கு ஓடினாள்.

பின்கடை என்பது வீட்டோடு ஒட்டின ஒற்றை அறை. அதற்குத் தனி மீற்றர். சனூஸா அங்கே நாலைந்து வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். மீற்றர் பலகையில் பழைய காலத்துப் பீங்கான் பியூஸ். அதற்குக் கீழிருந்து வெள்ளை வயர் ஒன்று, ஒரு பைப்பும் இல்லாமல், சுவருக்குள் நுழைந்தது.

"சனூஸா, மூண்டு வருசத்துக்கு முந்தி, எங்கட அவர் செத்த அண்டைக்கு, நீர் இங்கதானே இருந்தனீர்?"

சனூஸாவின் கால் கரண்ட் மெஷின் மிதியில் நின்றுபோனது. அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இருந்தன் அக்கா. ஒருத்தரும் என்னக் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. அவர் வீட்டுக்காரர், என்ன எழும்பிப் போகச் சொன்னா நான் எங்க போற? அண்டைக்கு அங்கால ஒரு சத்தம் கேட்டிச்சி. ஒடனே கிறிஸ்தோபர் ஐயா ஓடி வந்தாரு. என்னப் பாக்கல்ல. நேரே இந்த பியூஸப் புடுங்கி எறிஞ்சாரு. என்ட மெஷின் நிண்டு போச்சி. பொறகு திரும்பி ஓடினாரு."

வீட்டு மெயினுக்கு ஓடவில்லை. பின்கடைக்கு ஓடியிருக்கிறார். எந்த வயர், எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கணத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகுதான் கோயில் வாசலில் நின்று தம்பி மேல் பழியைப் போட்டார்.

றஜிதாவின் கை பியூஸ் வரைக்கும் போனது. அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டால் சுவர் செத்துவிடும். அதுதான் வேலை. அதைச் செய்யத்தான் அவள் பழகியிருக்கிறாள். பீங்கானில் விரல் பட்டது, சூடாக இருந்தது.

எடுக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

இருக்கட்டும். அவரும் ஒருதரம் இந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும்.

கிறிஸ்தோபர் மீன் பையோடு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. வீடு வெக்கையில் அவிந்துகொண்டிருந்தது. ஹோலில் மூன்று சுவரில் சோக்குக் கோடுகள். படம் இருக்கிற சுவரில் ஒன்றுமில்லை.

"அத்தான்" என்றாள் றஜிதா. குரலில் தேன் தடவியிருந்தாள். "எல்லாம் பாத்து முடிஞ்சுது. இந்தச் சுவர் சுத்தம். உள்ளுக்க ஒண்டும் இல்லை. நானாவுக்கு ஏசிக் குழாய் இதுக்குள்ளாலதான் போகவேணுமாம். நீங்கள் சும்மா பயந்துபோய் இருக்கிறீங்கள்."

"கை வைக்கப்படாது எண்டு சொன்னன்."

"எனக்கு உங்கட மனம் விளங்குது. தம்பி செத்த இடம் எண்டு மனம் கேக்கேல்ல. அதுதான் சொல்லுறன், முதல் அடியை நீங்களே அடியுங்கோ. வேலை துவங்கேக்க வீட்டுக்காரர் முதல் அடி அடிக்கிறது எங்கட வழக்கம்தானே நானா?"

"ஓம், எல்லா இடமும் அப்பிடித்தான் செய்றது" என்றார் றிஸ்வி நானா, விசயம் தெரியாமல்.

றஜிதா பைக்குள் கையை விட்டு உளியை எடுத்தாள். அன்று ஜெயந்தனுக்குப் பக்கத்தில் கிடந்த அதே உளி. நுனியில் ஒரு பல்லளவு உருகிக் கறுத்திருந்தது. இதைக் கிறிஸ்தோபருக்கு ஞாபகம் இருக்கும். இருக்க வேண்டும்.

"மெயின் பூட்டிக் கிடக்கு அத்தான். திறப்பு என்ட கழுத்தில. பயப்பிட ஒண்டும் இல்லை" என்று சொல்லி அந்தச் சாந்துத் திட்டைத் தொட்டுக் காட்டினாள். "இதில வையுங்கோ."

கிறிஸ்தோபர் உளியைப் பார்த்தார். நுனியைப் பார்த்தார். மீன் பை கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. வெறுங்காலோடு நின்ற மனிதர் ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

"எனக்கு... எனக்குக் கை நடுங்குது. மேசன் அடிக்கட்டும்."

அவர் அப்படிச் சொல்லுவார் என்று றஜிதா நினைக்கவில்லை. அவள் கணக்கில் இரண்டே ஆட்கள்தான் இருந்தார்கள், அவரும் அவளும். மூன்றாவதாக ஒருவன் அந்த ஹோலில் நிற்பதை அவளுடைய ஆத்திரம் மறந்துவிட்டது.

"தாங்கோ அக்கா, இதுக்குப் போய் நேரம் மினக்கெடுத்தாம" என்று இன்பாஸ் அவள் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டான். காலையில் மணல் சலித்த ஈரம் இன்னும் அவன் காலில் இருந்தது. கோடு இல்லாத சுவர், றஜிதா அக்கா பார்த்த சுவர். அவன் யோசிக்கவில்லை. உளியைத் திட்டின் நடுவில் வைத்தான். சுத்தியலை ஓங்கினான்.

றஜிதா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. 

"அடியாத!"

கத்தினது கிறிஸ்தோபர். பாய்ந்து போய் இன்பாஸின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். சுத்தியல் நிலத்தில் விழுந்து ஒரு ஓடு வெடித்தது.

"அதில வேண்டாம். அதுக்குள்ள கரண்ட் இருக்கு."

 இப்போது றஜிதாவுக்குக் குரல் வந்தது.

"மெயின் பூட்டிக் கிடக்கே அத்தான். கரண்ட் எங்கால வருது?"

 கிறிஸ்தோபரின் கண் தன்பாட்டில் மேலே போனது. அவர் கண் போன இடத்துக்கே எல்லாருடைய கண்ணும் போனது. படத்துக்குக் கீழே பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

முதலில் விளங்கிக்கொண்டவள் றோஸ். அவள் குசினி வாசலில் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"நான் மறந்துபோனன்" என்றார் கிறிஸ்தோபர். குரல் உடைந்திருந்தது. "சத்தியமா அவன் கொத்தேக்க அந்த வயர் என்ட நினைவில இல்லை. பல்ப் கண்ணுக்கு முன்னால இல்லை, நினைவும் இல்லை. அவன் விழுந்த பிறகுதான்..."

"விழுந்த பிறகு நினைவு வந்துது. பின்கடைக்கு ஓடி பியூஸைப் பிடுங்கினீங்கள். அதுவரைக்கும் சரி. மறந்ததுக்கு நான் உங்களை மன்னிச்சிருப்பன்." றஜிதா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "கோயில் வாசலில நிண்டு என்ன சொன்னீங்கள்? செத்தவன்ட வாயில மண்ணைப் போட்டீங்கள். உங்கட வயரை மறைக்க என்ட மனுசன்ட பேரைக் கெடுத்தீங்கள். மூண்டு வருசம். நான் வேலைக்குப் போற வீடெல்லாம் என்னைக் காட்டி, மெயின் நிப்பாட்டாதவன்ட பெஞ்சாதி எண்டு சொன்னாங்கள்."

"ஊர் என்னைக் கொலைகாரன் எண்டிருக்கும் றஜிதா."

"அதுக்கு அவரை மடையனாக்கினீங்களோ?"

அவள் சிவப்புச் சோக்கை எடுத்தாள். சுவரின் அடியிலிருந்து, திட்டுக்கு நடுவால், படத்தடி வரைக்கும் ஒரே கோடு. சோக்கு இரண்டு தரம் முறிந்தது. முறிந்த துண்டாலேயே கீறி முடித்தாள்.

"இண்டைக்கு வெள்ளி. ஞாயிறு பூசை முடிய அதே வாசலில, அதே ஆக்களுக்கு முன்னால நிண்டு, என்ட தம்பி மெயினை நிப்பாட்டினவன், வயரை மறைச்சது நான் எண்டு சொல்லவேணும். அதுவரைக்கும் இந்தப் பூட்டுக் கழறாது. புழுங்கட்டும், மீன் நாறட்டும். பூட்டை உடைச்சீங்களோ, நான் நேரே பொலிசுக்குப் போவன்."

திரும்பும்போது இன்பாஸ் குறுக்கே நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"சுவர் சுத்தம் எண்டு சொன்னீங்க அக்கா" என்றான். "நீங்க கோடு கீறாட்டி நான் அடிப்பன். எப்பவும் அப்பிடித்தானே அடிச்சனான்."

கிறிஸ்தோபரை நேருக்கு நேர் பார்த்தவளுக்கு அவனைப் பார்க்க ஏலவில்லை.  றிஸ்வி நானா பின்கடைக்குப் போய் பியூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன்னுடைய சட்டைப் பைக்குள் போட்டார். அவளிடம் தரவில்லை. படத்தடியில் பல்ப் அணைந்திருந்தது.

றஜிதா கேற்றடிக்கு வந்துவிட்டாள். வென்றவளுக்கு நெஞ்சு குளிர வேண்டும். குளிரவில்லை. இன்பாஸ் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வாய் திறந்தும் சத்தம் வராத அந்தக் கணத்தை அவள் ஒதுக்கி ஒதுக்கித் தள்ளினாள், அது திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. மெயினை மேலே தூக்கிவிட்ட கை. அதையும் கிறிஸ்தோபரின் கணக்கில் எழுதிவிட்டுத்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"றஜிதா, நில்லு பிள்ளை."

றோஸ் ஓடி வந்தாள். செருப்பில்லை, தலை அவிழ்ந்திருந்தது. உடுப்புத் தலைப்பில் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். விரித்துக் காட்டினாள். அந்தச் சிவப்பு பல்ப்.

"கழட்டிப்போட்டன். இனி எனக்கு இது வேண்டாம். என்ட பிள்ளையைத் தந்த வெளிச்சம் எண்டு கும்பிட்டன், உன்ட மனுசனைத் திண்ட வெளிச்சம் எண்டு தெரியாம."

"நீங்கள் என்ன செய்வீங்கள் அக்கா. உங்களுக்குத் தெரியாது."

"இன்னும் ஒண்டு இருக்கு" என்றாள் றோஸ்.  "அண்டைக்கு ஜெயந்தன் விழுந்து கிடக்கேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. அவர் பின்பக்கத்தால ஓடி வந்து, 'றோஸ், மெயினைப் போடு' எண்டு கத்தினவர். விசிறியைப் போட்டு அவனுக்குக் காத்துப் பட வைக்கத்தான் எண்டு நினைச்சு, ஓடிப்போய் நான்தான் சுவிச்சைத் தூக்கினன்."

 

மூன்று வருடமாக முறிக்கத் தேடிய கை, பல்பை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றது.